சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது: இரண்டு ஆண்டுகள் நின்ற ஸ்பிளெண்டருக்கு வீட்டிலேயே வைத்தியம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அப்பா ஓட்டிய 2008ஆம் ஆண்டு ஸ்பிளெண்டர் இரண்டு ஆண்டுகளாகப் போர்டிகோவிலேயே நின்றுவிட்டது. டேங்கிலிருந்த பழைய பெட்ரோலை இறக்கிப் புதியது ஊற்றி, பேட்டரியையும் மாற்றியிருக்கிறீர்கள். சோக் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சிறு நெம்பு) போட்டு நான்கைந்து முறை உதைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்த மறுகணம் நின்றுவிடுகிறது. ஆக்ஸிலேட்டரைப் பாதியளவு முறுக்கிப் பிடித்துக்கொண்டு சோக்கை எடுத்தால் ஓடுகிறது. கையை விட்டால் அணைந்துவிடுகிறது. வண்டியைப் பார்த்த மெக்கானிக், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரையே மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா, வீட்டில் நாமே சரிசெய்ய முடியுமா என்பது உங்கள் கேள்வி.

மாற்ற வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளிலேயே பாதி விடை இருக்கிறது. சோக் போட்டு ஸ்டார்ட் ஆகிறது என்றால் ப்ளக்கில் கரண்ட் வருகிறது, சிலிண்டரில் கம்ப்ரஷன் (கலவையை அழுத்தும் பலம்) இருக்கிறது, டேங்கிலிருந்து பெட்ரோலும் இறங்குகிறது என்று பொருள். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சோக் போட்டாலும் இன்ஜின் ஓடாது. ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகு. பாதி ஆக்ஸிலேட்டரில் ஓடுகிறது என்பதால் மெயின் ஜெட்டும் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பாதைதான்: ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில் இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ஸ்லோ ஜெட்டும், அதிலிருந்து மேலே போகும் நுண்துளைகளும். கையேடுகளில் இதைப் பைலட் ஜெட் என்று எழுதியிருப்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஸ்லோ ஜெட் என்றால்தான் எல்லோருக்கும் புரியும்.

ஏன் அந்த ஒன்று மட்டும் அடைபடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பிறகு செய்யப்போகும் வேலை எளிதாக விளங்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது கார்ப்பரேட்டரின் தொண்டைக்குள், அதாவது காற்று பாயும் குழலுக்குள், இருக்கும் ஸ்லைடு என்னும் அடைப்பு உருளை மேலே ஏறுகிறது, காற்று வேகமாகப் பாய்கிறது, அந்தப் பாய்ச்சல் நடுவிலிருக்கும் மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டால் ஸ்லைடு ஏறக்குறைய தொண்டையின் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அப்போது மெயின் ஜெட்டிலிருந்து எதையும் இழுக்க முடியாத அளவுக்குக் காற்றின் ஓட்டம் குறைந்துபோகிறது. ஆனால் ஸ்லைடுக்கும் இன்ஜினுக்கும் இடையில் உறிஞ்சு விசை மிக அதிகமாக இருக்கும். அங்கே தரையில் இருக்கும் ஊசிமுனை அளவுத் துளை ஒன்றின் வழியாகத்தான் ஐட்லிங்குக்கு, அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் மெதுவாக ஓடுவதற்கு, வேண்டிய பெட்ரோல் வருகிறது. அந்தத் துளைக்குப் பெட்ரோலை அளந்து அனுப்புவது ஸ்லோ ஜெட். இவ்வகைச் சிறு வண்டிகளில் அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சோக் போட்டால், காற்று வரும் வாயையே ஒரு தகடு மூடுகிறது. தொண்டை முழுவதிலும் உறிஞ்சு விசை ஏறி, மெயின் ஜெட்டிலிருந்தும் பெட்ரோல் வந்துவிடுகிறது. அதனால்தான் சோக்கில் ஓடும் வண்டி, சோக்கை எடுத்ததும் பட்டினி கிடக்கிறது.

டேங்கை நீங்கள் காலிசெய்தீர்கள். கார்ப்பரேட்டரின் அடியிலிருக்கும் கிண்ணத்தை, அதாவது ஃப்ளோட் சேம்பரை, யாரும் காலிசெய்யவில்லை. அதில் தேங்கிய சிறிதளவு பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். எஞ்சியது காற்றுடன் சேர்ந்து வார்னிஷ் போன்ற பழுப்புப் பிசினாக மாறும். கிண்ணத்திலேயே மூழ்கி நிற்கும் மிகச் சிறிய துளை ஸ்லோ ஜெட் என்பதால் பிசின் முதலில் அடைப்பது அதைத்தான். புதுப் பெட்ரோலை ஊற்றினால் அந்தப் பிசின் கரைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். காய்ந்து இறுகிய பிறகு அது அவ்வளவு எளிதில் கரைவதில்லை.

இப்போதெல்லாம் இதற்கு எத்தனாலைத்தான் முதலில் குறை சொல்கிறார்கள். நம் நாட்டில் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாயிற்று. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உலோகம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது தண்ணீர் தங்கியதன் தடயம். பழைய ரப்பர் வளையங்களையும் எத்தனால் கெடுக்கும். இவை உண்மைதான் என்றாலும், பெட்ரோலில் எத்தனாலே இல்லாத காலத்திலும் நின்ற வண்டிகளின் ஸ்லோ ஜெட் இப்படித்தான் அடைத்தது. நிறுத்தி வைத்ததுதான் முதல் காரணம். எத்தனால் அதை விரைவுபடுத்துகிறது.

வேலையைத் தொடங்குமுன் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் போர்டிகோ என்பது பெரும்பாலும் சமையலறை ஜன்னலுக்குக் கீழேயோ, மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டருக்குப் பக்கத்திலேயோதான் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து சென்று பள்ளமான இடத்தில் தங்கும். பெட்ரோலின் தீப்பற்றும் நிலை ஏறக்குறைய மைனஸ் 40 பாகை செல்சியஸ், அதாவது நம் ஊரின் எந்தக் குளிரிலும் அது எரியத் தயாராகவே இருக்கிறது. ஆகவே பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியில், அடுப்பும் வாசல் விளக்கும் அணைந்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள். ஒரு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ தண்ணீரின் மேல் மிதந்து பரவும். கடைசியில் இன்ஜினை ஓட்டிப் பார்க்கும்போது ஷட்டர் போட்ட அறைக்குள் ஓட்டாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஜெட்டின் வெட்டுக்குள் சரியாகப் பொருந்தும் தட்டை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, ஒரு கார்ப்பரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரே, பனியன் வேஸ்ட், வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய தட்டு, கண்ணுக்குக் கண்ணாடி. இவற்றோடு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டில் செய்யும் வேலை பாதியில் நிற்பது பெரும்பாலும் அங்கேதான். ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் வந்த வண்டிகளின் ஸ்டார் திருகுகள், பார்வைக்கு நாம் கடையில் வாங்கும் பிலிப்ஸ் வகை போலவே இருந்தாலும் ஜப்பானியத் தர அளவிலானவை. பிலிப்ஸ் டிரைவரின் முனை அந்தக் குழிக்குள் முழுதாக இறங்கி உட்காராது. பலமாகத் திருப்பும்போது மேலே எழும்பி, திருகின் தலையை வழித்துவிடும். ஜே.ஐ.எஸ். என்று குறித்த டிரைவர் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால், முனை குழியில் ஆடாமல் அமரும் டிரைவரைத் தேர்ந்தெடுத்து, திருகுவதற்கு முன் டிரைவரின் தலையில் சிறு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஆண்டுக்கணக்கில் துருவோடு ஒட்டிக்கிடக்கும் திருகு அந்த அதிர்ச்சியில் விட்டுக்கொடுக்கும். பிறகு, முழு உடல் எடையையும் உள்நோக்கி அழுத்தியபடி மெதுவாகத் திருப்ப வேண்டும். பலத்தில் முக்கால் பங்கு அழுத்துவதற்கு, கால் பங்குதான் திருப்புவதற்கு.

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியிலுள்ள ட்ரெயின் திருகைத் தளர்த்தி, வடிவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். பெட்ரோல் தெளிவாக இருக்கிறதா, பழுப்பா, அடியில் தண்ணீர் உருண்டையாக நிற்கிறதா, துருத் துகள் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். துருத் துகள் இருந்தால் டேங்கின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது. டேங்கையும் டேப்பின் சல்லடையையும் கவனிக்காமல் கார்ப்பரேட்டரைச் சுத்தம் செய்வது ஒரு வாரத்துக்குத்தான் பயன்படும். பின்பு ட்ரெயின் திருகு திறந்திருக்கும்போதே டேப்பைச் சில நொடிகள் திறந்து பாருங்கள். பெட்ரோல் தடையின்றி ஒரே சீராக வழிய வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்க் மூடியைத் திறந்து மறுபடி பாருங்கள். மூடியைத் திறந்ததும் ஓட்டம் சீரானால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது.

கார்ப்பரேட்டரைக் கழற்றும்போது மேல் மூடியைக் கையால் திருகி எடுத்தால் கேபிளோடு சேர்ந்து ஸ்லைடும் ஊசியும் வெளியே வரும். அதைக் கேபிளிலிருந்து பிரிக்காமல், ஒரு பாலிதீன் பையில் சுற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள். ஊசியில் சிறு கிளிப் எந்த வெட்டில் இருக்கிறது என்பதை மேலிருந்து எண்ணி எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதை மாற்றாதீர்கள். ஸ்லைடின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளமும், அடியில் ஒரு பக்கம் சரிவாக வெட்டிய பகுதியும் இருப்பதைக் கவனியுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் பள்ளம் உள்ளே இருக்கும் சிறு ஆணியில் அமர வேண்டும், சரிவான வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் இருக்க வேண்டும். இதைத் தலைகீழாக மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் அலறிக்கொண்டு எழும். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இறங்காது.

இன்ஜின் பக்கம் இரண்டு பத்தாம் நம்பர் போல்ட்டுகள், ஏர் ஃபில்டர் பக்கம் ஒரு கிளாம்ப், பெட்ரோல் குழாய், இவ்வளவுதான் கார்ப்பரேட்டரைப் பிடித்திருப்பவை. இன்ஜினுக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் ஒரு கருப்புக் கட்டையும் அதன் முகத்தில் ஓ ரிங் என்னும் ரப்பர் வளையமும் இருக்கும். அவற்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பின்னால் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

கார்ப்பரேட்டரைக் கையில் எடுத்ததும், எதையும் திருகுவதற்கு முன், ஐட்லிங்கில் பெட்ரோல், காற்று அளவைச் சரிசெய்யும் மிக்ஸர் திருகைக் கண்டுபிடியுங்கள். பித்தளையில், நீண்ட கூரிய முனையோடு, பக்கவாட்டில் இருக்கும் சிறு திருகு அது. அதை முதலில் உள்நோக்கி, மிக மெல்லத் திருகி, அடி தொடும்வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். ஒன்றேமுக்கால் என்றால் ஒன்றேமுக்கால் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள், நினைவில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடி தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். இறுக்கினால் முனை நசுங்கி, அது அமரும் துளையையும் விரித்துவிடும். எழுதிய பிறகு அதைக் கழற்றுங்கள். முனையில் ஸ்பிரிங், சில வண்டிகளில் அதற்கடியில் கடுகளவு வாஷரும் ஓ ரிங்கும் இருக்கும். நான் பல ஆண்டுகளுக்கு முன் இந்த வாஷரைக் கவனிக்காமல் தட்டிவிட்டு, அது கிரைண்டருக்கு அடியில் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் காந்தத்தை வைத்துத் தேடினேன். அது பித்தளையோ செம்போ, காந்தத்தில் ஒட்டவில்லை. கடைசியில் துடைப்பத்தில் கிடைத்தது. வெள்ளைத் தட்டைக் கருவிப் பட்டியலில் சேர்த்ததற்கு அதுவே காரணம்.

அடிக்கிண்ணத்தைத் திறந்ததும் இரண்டு ஜெட்டுகள் தெரியும். நடுவில் நிற்பது மெயின் ஜெட். அதற்குப் பக்கத்தில், ஆழமான குழிக்குள், மெல்லியதாக ஒளிந்திருப்பது ஸ்லோ ஜெட். டிரைவரின் முனை அகலமாகவோ மெல்லியதாகவோ இருந்தால் வெட்டு உடையும், பித்தளை மென்மையான உலோகம். சில சிறு இன்ஜின்களில் ஸ்லோ ஜெட்டை அழுத்திச் செருகியிருப்பார்கள், கழற்ற வராது. அப்படி இருந்தால் இடத்திலேயே வைத்து ஸ்ப்ரே செய்ய வேண்டியதுதான்.

கழற்றிய ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள். நல்ல ஜெட்டில், வானத்தை ஊசியால் குத்தியதுபோல் ஒரு சிறு வட்டம், ஓரங்கள் கூர்மையாக, பளிச்சென்று தெரியும். உங்கள் ஜெட்டில் ஒன்றும் தெரியாது என்பதே என் ஊகம். தெரிந்தாலும் வட்டம் ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். ஜெட்டின் உடலில் பக்கவாட்டிலும் சில குறுக்குத் துளைகள் உண்டு. காற்றைப் பெட்ரோலோடு கலப்பவை அவையே. அவையும் திறந்திருக்க வேண்டும். ஒரு மூடியில் க்ளீனரை ஊற்றி ஜெட்டை அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயை வைத்து அடியுங்கள். அப்படியும் விடாவிட்டால் வயருக்குள் இருக்கும் செம்பு இழை ஒன்றை உருவி, அதால் மெதுவாகத் துழாவலாம். செம்பு இழை வளைந்துகொடுக்கும், துளையைக் கீறாது. எஃகுக் கம்பியையோ, ஊக்கையோ, ஊசியையோ விடாதீர்கள். நான் தொடக்க காலத்தில் கிட்டார் கம்பியின் துண்டு ஒன்றை விட்டுக் குடைந்திருக்கிறேன். வண்டி அன்றே ஓடியது. ஆனால் அதன் பிறகு ப்ளக் கரிபிடித்துக்கொண்டே இருந்தது, ஐட்லிங்கில் பெட்ரோல் நாற்றம் அடித்தது. துளை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் விரிந்திருந்தது, அது போதுமானதாக இருந்தது. ஜெட்டை மாற்றும்வரை சரியாகவில்லை.

பித்தளை என்றதும் குத்துவிளக்கு நினைவுக்கு வந்து புளித்தண்ணீரில் போடலாமா என்று தோன்றும். என் வீட்டிலேயே அந்த யோசனை வந்தது. விளக்கு மின்னும், ஆனால் கார்ப்பரேட்டரின் உடல் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பு, புளியும் எலுமிச்சையும் வினிகரும் அதை அரித்துக் கறுக்க வைக்கும், நுண்துளைகளில் தங்கும் அமில எச்சம் பிறகு தானே ஓர் அடைப்பாகும். ஜெட்டுக்கு மட்டும் என்றாலும் வேண்டாம்.

ஜெட் திறந்துவிட்டது என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஜெட்டிலிருந்து தொண்டைவரை வார்ப்புக்குள் ஓடும் பாதையும் அதே பிசினால் அடைபட்டிருக்கும். ஃப்ளோட் (கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவை), அதன் ஊசி வால்வு, ஓ ரிங்குகள் என்று ரப்பரும் பிளாஸ்டிக்கும் உள்ள எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். க்ளீனர் பட்டால் ரப்பர் உப்பிவிடும். கண்ணாடியை அணிந்துகொண்டு, ஸ்லோ ஜெட் இருந்த குழிக்குள் ஸ்ப்ரேயின் குழாயை அழுத்தி வைத்து அடியுங்கள். கண்ணாடியை வலியுறுத்துவதற்குக் காரணம், திரவம் எந்தத் துளையிலிருந்து வெளியே பீய்ச்சும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. முதல் முறை பெரும்பாலும் முகத்தை நோக்கித்தான் வரும். தொண்டைக்குள், ஸ்லைடு அமரும் இடத்தை ஒட்டித் தரையில் இரண்டு நுண்துளைகள் இருக்கும். ஒன்று ஐட்லிங்குக்கு, மற்றது ஆக்ஸிலேட்டரைச் சற்றே திறக்கும்போது உதவுவது. அடிக்கும் திரவம் இரண்டிலிருந்தும் மெல்லிய நூல் போல நேராக எழ வேண்டும். ஒன்றிலிருந்து மட்டும் வந்தாலோ, வளைந்து வழிந்தாலோ இன்னும் அடைப்பு இருக்கிறது. வந்து கொண்டிருக்கும் துளையை விரலால் மூடி, மற்றதன் வழியாக வெளியேறும்படி அடியுங்கள். மிக்ஸர் திருகின் குழி, முன் வாயிலிருக்கும் காற்றுத் துளை ஆகியவற்றிலிருந்தும் இதேபோல் அடித்து, முடிவில் சைக்கிள் பம்ப்பாலோ பஞ்சர் கடைக் காற்றாலோ ஊதி உலர்த்துங்கள்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அது ஓட்டை. ஊசி வால்வின் கூரிய ரப்பர் முனையில் நகத்தை வைத்துத் தடவினால் வளையமாகப் பள்ளம் தட்டுப்படக் கூடாது. மாட்டிய பிறகு கார்ப்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, சுத்தமான குழாய் ஒன்றின் வழியாகப் பெட்ரோல் நுழையும் வாயில் மெதுவாக ஊதுங்கள். காற்றுப் போகக் கூடாது. நிமிர்த்திப் பிடித்தால் தாராளமாகப் போக வேண்டும். இந்தச் சோதனை தேறாவிட்டால் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகும். வெளியே வழிந்தால்கூடப் பரவாயில்லை, டேப் திறந்தே கிடந்தால் இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். ஆகவே ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால், அல்லது அளவு கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், ஓட்டாமல் ஆயிலை மாற்றுங்கள். உண்மையில் இரண்டு ஆண்டுகள் நின்ற ஆயிலை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

திரும்ப மாட்டுவது கழற்றியதன் தலைகீழ் வரிசைதான். இரண்டு இடங்களில் மட்டும் கை நிதானப்பட வேண்டும். கிண்ணத்தின் திருகுகள் மென்மையான வார்ப்பில் அமர்கின்றன, டிரைவரை மூன்று விரலால் பிடித்து இறுக்கும் பலமே போதும். இன்ஜின் பக்கத்துப் போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அங்கேதான் அந்தக் கருப்புக் கட்டையும் ஓ ரிங்கும். பழைய ஓ ரிங் தட்டையாகி இறுகியிருந்தால் புதியது போடுங்கள், விலை மிகக் குறைவு. ஓ ரிங் கசிகிறதே என்று போல்ட்டை வெறித்தனமாக இறுக்கியதில் கார்ப்பரேட்டரின் காது வளைந்துபோன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் அந்த முகத்தை வைத்துப் பார்த்தால் நடுவிலோ ஓரத்திலோ இடைவெளி தெரியும். இதைச் சொல்லக் காரணம், இங்கே காற்றுக் கசிந்தாலும் அறிகுறி நீங்கள் சொன்னதேதான்: சோக்கில் ஓடும், எடுத்தால் நிற்கும். ஸ்லோ ஜெட்டைத் துலக்கியும் குணமாகாத வண்டிகளில் நான் அடுத்துத் தேடுவது இந்தக் கசிவைத்தான்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன், சாவியைப் போடாமலேயே ஆக்ஸிலேட்டரை முழுதாக முறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். ஸ்லைடு ‘டக்’ என்ற ஒலியோடு கீழே இறங்க வேண்டும். ஹேண்டிலை இடது வலது இரு கோடிகளுக்கும் திருப்பியும் அவ்வாறே இறங்க வேண்டும். இது தேறாமல் உதைக்காதீர்கள். டேப்பைத் திறந்து கிண்ணம் நிறைய அரை நிமிடம் காத்திருந்து, வழிகிறதா என்று பார்த்துவிட்டு, சோக் போட்டு உதையுங்கள்.

ட்யூனிங் சூடான இன்ஜினில்தான் செய்ய வேண்டும். ஐந்து பத்து நிமிடம் தெருவில் ஓட்டிவிட்டு வாருங்கள். ஐட்லிங் திருகால் வேகத்தைச் சற்றே தூக்கி வைத்து, மிக்ஸர் திருகை எழுதி வைத்த சுற்றிலிருந்து கால் கால் சுற்றாக நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு பத்து நொடி காத்திருந்து காதைக் கொடுங்கள். ஏதோ ஓர் இடத்தில் ஓசை மிக உயர்ந்து, மிகச் சீராக ஒலிக்கும். அங்கேயே விட்டுவிட்டு ஐட்லிங் திருகால் வேகத்தை இறக்குங்கள். இத்தகைய வண்டிகளுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று போதும். எந்தப் பக்கம் திருகினால் பெட்ரோல் கூடும் என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. திருகு ஸ்லைடுக்கும் ஏர் ஃபில்டருக்கும் இடையில் இருந்தால் அது காற்றை ஆள்கிறது. வெளியே எடுத்தால் பெட்ரோல் பங்கு குறையும். ஸ்லைடுக்கும் இன்ஜினுக்கும் இடையில் இருந்தால் கலவையை ஆள்கிறது. வெளியே எடுத்தால் பெட்ரோல் பங்கு கூடும். திருகை முழுதாக உள்ளே தள்ளியும் ஐட்லிங்கில் மாற்றமே தெரியாவிட்டால், பாதை இன்னும் திறக்கவில்லை, மறுபடி கழற்ற வேண்டும். எனக்கே இரண்டாம் முறை கழற்றியபோதுதான் சரியான வண்டிகள் நிறைய உண்டு.

இந்த முறை 2020 ஏப்ரல் முதல், பி.எஸ். 6 என்னும் புகை விதிமுறைப்படி வந்த இரு சக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. அவற்றில் கார்ப்பரேட்டருக்குப் பதிலாக, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரே உண்டு. ஆனால் வீட்டிலிருக்கும் பெட்ரோல் ஜெனரேட்டர், பழைய ஸ்கூட்டர் போன்றவை இதேபோல் நின்று படுத்துவிட்டால் கதை ஏறக்குறைய இதுதான், ஜெட்டின் இடம்தான் மாறும்.

இனி வண்டியைப் பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால், டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானே நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். மாதக்கணக்கில் என்றால் ட்ரெயின் திருகையும் ஒரு முறை திறந்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சோக்கை எடுத்ததும் வண்டி நின்றால், டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, பார்க்க வேண்டும். வால்வுகள் நாளடைவில் தேய்ந்து உட்கார்ந்து இடைவெளி இல்லாமல் போனால், சூட்டில் வால்வு முழுதாக மூடாது, ஐட்லிங் நிற்காது. ஸ்பிளெண்டரில் இன்ஜின் குளிர்ந்த நிலையில் இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. இடைவெளி வைக்க வேண்டும். அந்த அளவு ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) இல்லாமல் கை உணர்வில் வைப்பது எனக்கே துணிவில்லாத வேலை. அந்தக் கட்டத்தில் மெக்கானிக்கிடம் போவதில் தவறில்லை. போகும்போது ஸ்லோ ஜெட்டில் என்ன கண்டீர்கள், இரண்டு துளையிலும் திரவம் எழுந்ததா, மிக்ஸர் திருகு முன்பு எத்தனை சுற்றில் இருந்தது என்று எழுதிய அந்தத் தாளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்; புதுக் கார்ப்பரேட்டர் வாங்கச் சொல்வதற்கு முன் அவர் டேப்பட் மூடியைத் திறந்து பார்ப்பார்.